வெந்நீரில் அலசி, மூடியுடன் போடவும்

கடையில் பொருள் வாங்குகிறவர்கள் பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் பிழைப்பு. எடை, விலை, எச்சரிக்கை எல்லாம் போக, கீழே ஓரமாக ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டம் இருக்கும். காலியான பாட்டிலை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இரண்டு மூன்று வரி போட்டிருக்கும். லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அந்தக் கட்டத்துக்கு நான் பொறுப்பு. எந்தப் பொருளுக்கு எந்த மறுசுழற்சிக் குறி என்று தேர்ந்தெடுப்பதும், அச்சுக்குப் போகும் கடைசித் தாளில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன்.

இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மூன்று அம்பு சுற்றி வரும் முக்கோணத்தைப் பார்த்தாலே அது மறுசுழற்சிக்குப் போகும் என்று பாதி ஜனம் நம்புகிறது. முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. கறுப்புத் தட்டு பிரிக்கிற இயந்திரத்தின் கண்ணுக்கே தெரியாது. உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள பையை எந்த ஆலையும் தொடாது. மூடி தனியாகப் போனால் சல்லடையில் விழுந்து தொலைந்துவிடும், அதனால் பாட்டிலோடு சேர்த்து மூடிப் போடச் சொல்ல வேண்டும். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாட்டில் ஒரு மூட்டைக் காகிதத்தையே பாழாக்கும், அதனால் அலசச் சொல்ல வேண்டும். இத்தனையையும் தீப்பெட்டிக்குள் அடைக்க வேண்டும். நான் அடைப்பேன்.

வீட்டிலும் இதே கெடுபிடிதான். அண்ணனும் தங்கையுமாக நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, அவளுக்குக் கூடி வந்தது நிலைக்கவில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பத்து வருஷம் சாமான் வேன் ஓட்டி, பெரிய வண்டிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி, போன வருஷம்தான் அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவளுக்குச் சாப்பிடக் கூடப் பொறுமை இல்லை. உயரத்தில் இருந்து பார்த்தால் தெருவே தன் கைக்குள் இருப்பது போல இருந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். எனக்கு அவள் வைத்திருந்த பெயர் 'லேபிள்'. 'லேபிள் எழுந்திரிச்சாச்சா?', 'லேபிளுக்கு டீ வேணுமா?' என்றுதான் காலையில் பேச்சே ஆரம்பிக்கும். அவளைத் தவிர வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள், பழரசப் பாட்டிலை அடியில் பிசுபிசுப்போடு அப்படியே தொட்டியில் போட்டுவிட்டாள். நான் அதை வெளியே எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன்.

"முதுகுல எழுதியிருக்கு. படிச்சுட்டுப் போடறதுக்கு என்ன கேடு? பஸ் ஓட்டத் தெரிஞ்சா போதுமா, படிக்கத் தெரிய வேண்டாமா?"

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பாட்டிலை அலசி, மூடி, போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எந்த டப்பா காலியானாலும் பின்பக்கத்தைத் திருப்பி எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டுத்தான் போடுவாள். முதல் இரண்டு நாள் அதில் கிண்டல் இருந்தது. பிறகு கிண்டல் போய் வெறும் பழக்கமாகிவிட்டது. அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படாது என்பார்கள். எனக்குப் பிள்ளையும் இல்லை, மீசையும் இல்லை, தங்கையையாவது உருப்பட வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. எங்கள் பிரஸ்ஸில் லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனி, குழாய் அடைப்பு எடுக்கிற மருந்து ஒன்றைப் புதிதாகக் கொண்டு வந்திருந்தது. எரிசோடா கலந்த வெள்ளைக் குருணை. அதில் ஒரு பாட்டில் மாதிரிக்காகக் கொடுத்ததை நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். தங்கை கையுறை மாட்டிக்கொண்டாள், சன்னலைத் திறந்தாள், எழுதியிருந்த அளவுப்படி போட்டாள். அடைப்பு விட்டது. அடியில் கொஞ்சம் குருணை ஈரம் பட்டுக் கட்டியாகப் பிடித்துக்கொண்டு கொட்டாமல் இருந்ததால் பாட்டில் காலி என்றே வைத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றி வைத்தாள்.

நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அவள் வாசிப்பது கேட்டது. "வெந்நீரில் அலசி, மூடியை இறுக மூடி, மறுசுழற்சித் தொட்டியில் போடவும்." என் காதில் நன்றாக விழுந்தது. ஆயிரம் பாட்டிலில் நானே போட்ட வரி, அதனால் மண்டைக்குள் இறங்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டாள் என்று ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நான் மறக்கவே போவதில்லை.

கெட்டிலில் கொதித்திருந்த நீரை ஊற்றி, மூடியை இறுக்கி, இரண்டு குலுக்குக் குலுக்கியிருக்கிறாள். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். "அண்ணா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். ஓடிப் போனபோது இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைப் பிடித்துக் குழாய்க்குக் கீழே வைத்தேன். எத்தனை நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் கையை விலக்கித்தான் அவளை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் குழாய் வைத்து மணிக்கணக்காகக் கழுவினார்கள். மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பாட்டிலைக் கொண்டு வாருங்கள் என்றார் கண் டாக்டர். வீட்டுக்கு வந்தேன். பாட்டில் அடுப்புக்குப் பின்னால் கிடந்தது, மூடியைக் காணோம். குனிந்து எடுத்து, டாக்டர் கேட்ட விவரத்தைத் தேடித் திருப்பினேன். அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. இந்த முறை முழுதாகப் படித்தேன்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. புதிய லேபிள் வந்தால் வெறும் தாளில் ஆரம்பிக்க மாட்டோம். அதே பாட்டிலுக்கு முன்பு செய்த பழைய ஃபைலைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் மாற்றுவோம். மறுசுழற்சிக் கட்டத்தை மட்டும் தொட மாட்டோம். பாட்டில் மாறாவிட்டால் கட்டமும் மாறாது. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். அடைப்பு மருந்து வந்த பாட்டில், பழரசம் வருகிற அதே வடிவம், அதே பிளாஸ்டிக், முக்கோணத்துக்குள் அதே எண். பழரசத்தின் பிசுக்குப் போக வெந்நீர்தான் சரி. அது அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் எண்ணைச் சரிபார்த்தேன், குறியைச் சரிபார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பாட்டிலைப் பார்த்தவன், பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. குருணை மேல் வெந்நீர் பட்டால் பொங்கிக் கிளம்பும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கம்பெனிக்காரர்கள் எச்சரிக்கை எழுத்தை மூன்று முறை படித்தார்கள், கட்டம் பிரஸ் ஆள் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆள் நான்.

சாயங்காலம் அவளைப் பார்க்க விட்டார்கள். வலது கண்ணில் கட்டு, கன்னத்தில் களிம்பு. இடது கண்ணையும் திறக்க முடியாமல் மூடியே வைத்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டினாள்.

"அண்ணா, நான் எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன். எங்க தப்புப் பண்ணேன்?"

உண்மை என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"மூடியை ரொம்ப இறுக்கிட்டே போலிருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "ஆமா. நல்லா இறுக்கினேன்" என்றாள். நம்பிவிட்டாள். லேபிள் விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லையே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலவாறு யோசித்துப் பார்த்துவிட்டேன். இந்த நிலையில் அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்ததாக முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை பிரஸ் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். பதினோராயிரம் பாட்டில் கடைகளுக்குப் போயிருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் அதே வரி. உள்ளே போனதும் அந்த ஃபைலைச் செய்த பெண்ணிடம் போனேன். வடிவமைப்புப் பிரிவில் வேலை. மெதுவாகப் பேசுவதால் எல்லாரும் அவளை 'கிசுகிசு' என்று கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சார், நான் அன்னைக்குக் கேட்டேன். வெந்நீர்னு இருக்கே, இதுக்கு இருக்கலாமான்னு. நீங்க, நம்பரைப் பாரு, உன் வேலையைப் பாருன்னீங்க."

ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டது கூட ஞாபகம் வந்தது. பழியைப் போட ஒரு ஆள் கிடைக்குமா என்றுதான் என் கால் என்னை அவளிடம் முதலில் கூட்டிப் போயிருக்கிறது என்று அப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது. உன் மேல் ஒன்றுமில்லை, நீ கேட்டது சரி என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். முதலில் தங்கைக்காக உண்மையாகவே வருந்தினார். பிறகு மெல்லக் கதவைச் சாத்தினார். அடுத்த அச்சில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், வேறு யாரும் புகார் செய்யவில்லை, எல்லாரும் உங்கள் தங்கை மாதிரி வரி வரியாகப் படித்துச் செய்கிறவர்கள் இல்லை, முக்கால்வாசிப் பேர் அப்படியே குப்பையில் போடுகிறவர்கள்தான் என்றார். முழுப் பூசணிக்காய் ஒன்றுக்கு இத்தனை சோறு போதும் என்று கணக்குப் போட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு சார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன…" என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மன்னிச்சுக்குங்க சார் என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷமே போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கம்பெனிக்கு நானே சொன்னேன். அன்று மத்தியானம் அவர்கள் அலுவலகத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினேன். எந்த ஃபைல், எந்த விதி, யாருடைய கையெழுத்து, யார் கேட்டும் யார் காதில் போட்டுக்கொள்ளவில்லை, எல்லாம் சொன்னேன். நாக்கு ஒரு இடத்தில் கூடக் குழறவில்லை. செவ்வாய்க்கிழமை கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். புதன்கிழமை செய்தியில் வந்தது. வாங்கியவர்கள் பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடைக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதன் வாசகத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதியை நானே கிழித்தேன். கிசுகிசு அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினாள்: உள்ளே என்ன இருந்தது?

ஆக, ஊரில் இருக்கிற எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, அவள் ஒருத்தியைத் தவிர. தினம் இரண்டு வேளை போவேன். இடது கண் திறந்துவிட்டது, பேசினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். பேச்சு எங்கே சுற்றினாலும் மூடியில் வந்து நிற்கும். இவ்வளவு அவசரமாக ஏன் குலுக்கினேன், முகத்துக்குக் கிட்டே ஏன் வைத்துக்கொண்டேன், கையுறையைக் கழற்றின மாதிரி மூளையையும் கழற்றி வைத்துவிட்டேன் என்று தன்னையே வைதுகொள்வாள். நான் போர்வையைச் சரிசெய்வேன். நர்ஸ் யாராவது செய்தியைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எனக்குத் தூக்கிப் போடும். நாளைக்குச் சொல்லலாம், கட்டுப் பிரிக்கட்டும், சொல்லலாம் என்று நாள் போயிற்று.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், விரலைக் காட்டினார், ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தி இருக்காது. கருவிழி வெளுத்துவிட்டது, அந்தக் கண்ணில் இனிப் பார்வை திரும்பாது என்றார். அவள் கேட்டது ஒரே கேள்வி, பஸ் ஓட்டலாமா என்று. சின்ன வண்டி பழகிக்கொள்ளலாம், பெரிய வண்டிக்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்பது விதி என்றார் அவர். புதுக் கட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் போனார்கள்.

அவள் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"யாரைச் சொல்லி என்னண்ணா. என் அவசரம்தானே" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். பழரசப் பாட்டில், அந்த எண், என் விதி, கிசுகிசு கேட்டது, நான் எரிந்து விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை அவள் உள்ளே வாசித்தபோது கூடத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டது, பாட்டிலை எடுக்கப் போனபோதே எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகுதான் மூடியை இறுக்கிவிட்டாய் என்று சொன்னேன் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். மூடியை இறுக்கச் சொன்னதும் என் வரிதான், திறந்திருந்தாலும் பொங்கித் தெறித்திருக்கும் என்றும் சொன்னேன்.

அவள் "அப்போ நான் சரியாத்தான் செஞ்சேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் செஞ்சே."

அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு கண் போய், ஆசைப்பட்ட வேலையும் போய்க் கிடக்கிறவள் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. நான் பார்த்ததிலேயே தாங்க முடியாதது அதுதான். அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அவள் தலையைத் திருப்பி, இருக்கிற கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள்.

"வேலையில தப்பு வரும். நானும் என்னைக்காவது ஒரு நாள் வண்டியை எங்கயாவது இடிச்சிருப்பேன். அதை நான் பொறுத்துக்குவேன், இன்னைக்கு இல்லேன்னாலும் பின்னாடி. மூடியை இறுக்கிட்டேன்னு சொன்னியே, அதை எந்த வேலையில சேர்க்கிறது? நாலு நாளா இந்தக் கட்டுக்குள்ள என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேனே, நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

உட்கார்ந்திருந்தேன். போர்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் தலையணைக்குக் கீழே இருந்து தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். திங்கட்கிழமையே டிப்போ சூப்பர்வைசர் கூப்பிட்டிருந்தாராம். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, என் கவனக்குறைவுதான் சார் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டாராம்.

"என் பேருக்கு எதிர்ல அதுதான் எழுதி நிக்குது. இனிமே நான் அங்க வண்டி எடுக்கப் போறதில்ல. ஆனா அந்த வார்த்தை அங்க இருக்கக் கூடாது. நீயே பேசு. என் முன்னாடியே பேசு."

வாங்கிக்கொண்டேன். ஏழு பேருக்கு முன்னால் குழறாத நாக்கு வாயில் கட்டை மாதிரி கிடந்தது. இரண்டாவது மணி அடிக்கும்போதே சூப்பர்வைசர் எடுத்துவிட்டார். அவளுடைய அண்ணன் பேசுகிறேன் என்றேன். அவர் உருகிப் போய், எப்படி இருக்கிறாள், கண் எப்படி இருக்கிறது, எத்தனை நிதானமான ஓட்டுநர், அவளுக்கா இப்படி ஒரு கவனக்குறைவு என்று கேட்டுக்கொண்டே போனார்.

"அது கவனக்குறைவு இல்ல சார். அவ மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டேன் என்ற ஆறுதலோடு அவளைப் பார்த்தேன். அவள் என் மேல் வைத்த பார்வையை எடுக்கவில்லை. மெதுவாகத் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"யார் மேலன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.